சிவப்புப் போத்தல்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம் என் மனைவி மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள். சாலை நன்றாகத்தான் இருந்தது, அவளும் நிதானமாகத்தான் ஓட்டியிருக்கிறாள். என்ஜினைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டின் நட்டு வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. போல்ட்டும் நழுவி வெளியே வர, என்ஜின் சாய்ந்து, சங்கிலி கழன்று பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. முழங்கையில் ஏழு தையல். அந்த நட்டை முதல்நாள் சாயந்திரம் முடுக்கியவன் நான்.

நான் மெக்கானிக். சாதாரண மெக்கானிக் என்று என்னை நான் ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை. தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் ஸ்டோர் என்ஜினைப் பார்த்துக்கொண்டவன். அப்போது அந்த ஊரை தெலுக் அன்சன் என்போம். பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்று பெயர். அங்கிருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். அது அசைத்துக் கழற்றாத நட்டு கிடையாது. பெயிண்ட் தடவினோம், சணல் சுற்றினோம், கடைசியில் ரப்பர் பாலையே மரையில் ஊற்றிக் காயவிட்டு முடுக்கினோம். தோட்டத்துக்காரன் வேறு எதைத் தேடுவான்? ஒருமுறை புகைக்குழாய் போல்ட்டிலும் பாலை ஊற்றிவிட்டேன். என்ஜின் சூடேறியதும் கிளம்பிய நாற்றத்தில் துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பங்களாவிலிருந்து இறங்கி வந்தார்.

வருடத்துக்கு ஒருமுறை மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் நாட்களில் ஸ்டோரை மூடுவார்கள். அப்போதுதான் என்ஜினைப் பிரிப்போம். இறுகிப்போன நட்டுகளுக்குப் புளோ லேம்ப்பால் சூடு காட்டிக் கழற்றுவேன். மற்ற நாட்களில் அதை யாரும் தொடக்கூடாது. முடுக்குவது நான், திறப்பதும் நான், திறக்க வேண்டிய நெருப்பும் என் கையில். இந்தப் பழக்கம் என் உடம்பில் ஊறிவிட்டது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று எங்களை வெளியே அனுப்பியபோது சட்டி பானையோடு இதையும் நான் ஈப்போவுக்குக் கொண்டு வந்திருந்தேன்.

சுண்ணாம்பு மலையடியில் வரிசை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பக்கவாட்டில் தகரம் போட்டு அதையே பட்டறையாக்கினேன். என் மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதிமூன்று வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். எனக்கு மூன்றாம் தடவைதான் கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்கும்போதே இந்த விவரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள்.

தையல் போட்டு வீட்டுக்கு வந்த அன்று அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, இது கையி. போல்ட்டு இல்ல. நீங்க மொறச்சுப் பாத்தா ஒட்டிக்காது," என்றாள்.

மறுநாள் ஈப்போவில் லாஹாட் ரோட்டுப் பக்கம் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனேன். நட்டு கழலாமல் இருக்க மரையில் விடும் பசை ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லாவில் ஒரு சீனப் பெண். என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். கேட்டதும் இரண்டு சிறிய போத்தல்களை எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்றில் நீலம், இன்னொன்றில் சிவப்பு.

"மோட்டோவுக்கு பீரு சுக்கூப்லா, அண்ணே. மேரா நாந்தி சூசா பூக்கா."

மோட்டார் சைக்கிளுக்கு நீலமே போதும், சிவப்பை விட்டால் அப்புறம் கழற்றுவது பெரும்பாடு என்கிறாள். நீலம் விட்ட நட்டு தானாகக் கழலாது, ஆனால் ஸ்பேனர் போட்டால் கழலும். சிவப்பு விட்டதற்கு நெருப்பு காட்ட வேண்டும். அவள் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருடம் என்ஜினோடு குடித்தனம் நடத்தியவனுக்குக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் பாடம் எடுக்கிறாளே! ஸ்பேனருக்குக் கழலும் என்றால் அது என்ன பிடிப்பு? சிவப்பை எடுத்தேன்.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போத்தலில் பாதிதான் இருந்தது. ஏமாற்றுகிறாயா என்று கடையிலேயே சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். உள்ளே காற்று இருந்தால்தான் இந்தப் பசை தண்ணீராக இருக்குமாம். நிரப்பி மூடினால் போத்தலிலேயே கல்லாகிவிடுமாம். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் காற்றில்லாத இடத்தில் போய்த்தான் அது இறுகும். காற்றுப் பட்டுக் காயும் பசையை மட்டுமே பார்த்திருந்த நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய போல்ட்டில் இரண்டு சொட்டு விட்டு நட்டை முடுக்கி வைத்தேன். மறுநாள் ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கினேன். நட்டு அசையவில்லை. இன்னும் பலமாகத் தொங்கினேன். போல்ட் படாரென்று முறிந்தது. சந்தோஷம் தாங்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நட்டு கழலல, சரி. போல்ட்டு ஒடஞ்சுபோச்சே. அது பரவால்லையா?" என்று கேட்டாள்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுடைய மோட்டார் சைக்கிளோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மரையையும் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் போகத் துடைத்து, இரண்டு சொட்டு சிவப்பு விட்டு முடுக்கினேன். என்ஜினைப் பிடிக்கும் போல்ட்டுகள், சங்கிலிப் பல்சக்கரம், புகைக்குழாய். போத்தலில் மிச்சம் இருந்தது. என்ஜினின் இடப்பக்க மூடிக்கு மூன்று ஸ்க்ரூ. அவற்றிலும் விட்டேன்.

அந்த மூடிக்குப் பின்னால்தான் பாயிண்ட் இருக்கிறது. பிளக்குக்குத் தீப்பொறியை நேரம் தவறாமல் அனுப்புவது அதுதான். அதில் ஈரம் இறங்கினால் வண்டி நின்றுவிடும். நின்றால் ஒன்றும் பெரிய விஷயமில்லை. சாலையோரத்து எந்த மெக்கானிக்கும் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிடுவான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் விட்டேன். நனைந்தால் நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். அவள் எங்கே நின்றாலும் நான் அங்கே இருப்பேன் என்று எப்படி நினைத்தேனோ! அன்பாக நாலு வார்த்தை பேச எனக்கு வராது. ஆளுக்கு இரண்டு சொட்டு என்று நட்டுகளில் விட்டபோது அவளிடம் அதைச் சொல்லிவிட்ட மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு வருடம் ஓடியது. ஒரு நட்டும் அசையவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் சுகாதார உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா செய்தி கொண்டு வந்தார். தெலுக் இந்தானில் நேர்முகத் தேர்வு. கிடைத்தால் பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களுக்கும் கம்பங்கள் என்கிற மலாய்க் கிராமங்களுக்கும் போய்ப் பிள்ளை பெற்றவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வர வேண்டும். அதனால் லைசென்ஸும் சொந்த மோட்டார் சைக்கிளும் கட்டாயம், நேர்முகத்துக்கு வரும்போதே வண்டியோடு வர வேண்டும். மூன்றாம் படிவம் படித்திருந்தால் போதும், காலையில் பால் வெட்டிக்கொண்டே அவள் அதுவரை படித்திருந்தாள். ஆனால் வயது வரம்பு உண்டு. அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி.

அவள் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேலை, நகை என்று என்னிடம் ஒருநாளும் கேட்டவளில்லை. இதற்கு மட்டும் காலுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்து, வெள்ளை பூசி, சன்னலில் காயவைத்தாள். கண்ணாடி முன் நின்று மலாயில் பதில் சொல்லிப் பழகினாள். நான் அதிகாரி மாதிரிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பேன். அவள் பாதியில் சிரித்துவிடுவாள்.

"பதிமூணு வயசுல இருந்து மரத்தப் பாத்தாச்சு. இனிமே மனுஷங்களப் பாக்குறேனே," என்றாள் ஒருநாள். சிரிக்காமல் சொன்னாள்.

நானும் கூட வருகிறேன் என்றேன். பட்டறையில் ஒரு பள்ளி வேனின் என்ஜின் பிரிந்து கிடந்தது, மறுநாள் அது ஓடியாக வேண்டும். அவளுக்கும் நான் வருவதில் விருப்பமில்லை.

"நீங்க வந்தா என்னைய வெளிய நிறுத்திட்டு ஆபீசருகிட்ட நீங்களே பேசிருவீங்க லா. நான் போய்க்கிறேன்."

காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். பத்து மணிக்கு நேர்முகம். கிளம்புமுன் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தன. தைரியமாகப் போய் வா என்று வழியனுப்பினேன்.

சாயந்திரம் ஆறரைக்குத் திரும்பி வந்தாள். உடுப்பெல்லாம் மழையில் நனைந்து உடம்பிலேயே காய்ந்திருந்தது. வெள்ளைச் சப்பாத்து செம்மண்ணாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"எடுக்கலங்க. நெறைய பேரு வந்திருந்தாங்க."

"போனாப் போகுது லா," என்றேன்.

அவள் குளிக்கப் போனாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இனி அவள் தினமும் தோட்டத்துச் சகதியில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். இடப்பக்க மூடியில் மூன்று புது ஸ்க்ரூ பளபளவென்று இருந்தன. மூடியில் ஒரு நீளக் கீறல் வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எவன் இதுல கை வச்சான்?"

"மழையில நின்னுபோச்சுங்க. வழியில ஒரு பெங்கல்ல குடுத்துப் பாத்தேன்."

பெங்கல் என்றால் பட்டறை. வேறு பட்டறை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நான் போட்ட ஸ்க்ரூவ எப்படிக் கழட்டுனான்?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் மழைக்கு ஒதுங்கி நின்னேன்."

ஊரில் ஒரு மெக்கானிக் பெண்டாட்டி இன்னொருவனிடம் வண்டியைக் கொடுத்தாள் என்றால் என் மானம் என்னாவது என்று கத்தினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஐந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "ஊறுகா இருக்கு," என்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். வேலை கிடைக்காத துக்கத்தில் இருக்கிறாளே, ஒரு ஆறுதல் சொல்வோம் என்று கூடத் தோன்றவில்லை. ஆறாம் நாள் அந்தப் புது ஸ்க்ரூக்களைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னிடமிருந்த மூன்றை எடுத்துச் சிவப்பு விட்டு, அவள் பார்க்கும்படியே முடுக்கினேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"சரி, வாங்க. சோறு ஆறுது."

ஏழெட்டு மாதம் கழித்து, பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்கும் என்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். என் வண்டிக்கு டயர் சரியில்லை. அவளுக்கு அன்று விடுமுறை என்பதால் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பீடோரைத் தாண்டி தெலுக் இந்தான் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் ஒதுங்கினேன்.

பட்டறைக்காரர் சீனர். தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவராம், நம்மைப் போலவே தமிழ் பேசினார். என்னை அவர் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். குனிந்து இடப்பக்க மூடியின் கீறலில் விரலை வைத்துத் தடவினார்.

"இந்தக் கீறல் நான் போட்டதுண்ணே. துளை போடயில கை வழுக்கிருச்சு. மோட்டரு ஒங்களுதா?"

கையில் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். எப்படிக் கழற்றினான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக ஒரு பொய் சொன்னேன்.

"இல்ல, ரிப்பேருக்கு வந்தது. ஓட்டிப் பாக்குறேன்."

"அந்தக்கா நல்லா இருக்காங்களா? வேல கெடச்சிருச்சா?"

எந்த வேலை என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு நா காலையில நல்ல மழ. எட்டரை இருக்கும், அந்தக்கா மோட்டரத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. பாயிண்ட்டு நனஞ்சிருக்கும், அஞ்சு நிமிஷம்தான்னு சொல்லி ஸ்க்ரூ டிரைவர வச்சேன். அசையல. தட்டிப் பாத்தேன், தல வழுக்கிருச்சு. மூணும் அப்படித்தான். எந்த மடையனோ செவப்பு ஊத்தி வச்சிருக்கான்! மூடி ஸ்க்ரூவுக்குப் போயி யாராச்சும் செவப்பு ஊத்துவானா? என்கிட்ட நெருப்பு கெடையாது. கையால சுத்துற துரப்பணம்தான். ஒவ்வொரு தலையா தொளச்சு எடுத்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சுண்ணே."

நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல பஸ்ஸு ஒண்ணு போச்சு. ஏறிப் போங்கக்கா, மோட்டர அப்புறம் வந்து எடுத்துக்கலாம்னேன். மோட்டரு இல்லாமப் போனா எடுத்துக்க மாட்டாங்கன்னுச்சு. இதோ ஒண்ணு வந்திருச்சு, இன்னும் ரெண்டுதான், இன்னும் ஒண்ணுதான்னு அதுவே எனக்குத் தைரியம் சொல்லுது. பத்து மணி ஆனதும் போயி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிச்சு. அழுதுச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. எவன்க்கா இத ஒட்டுனான், சொல்லுங்க, நான் நல்லாக் கேக்குறேன்னு சத்தம் போட்டேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'என் வீட்டுக்காரரு, அவரத் திட்டாதீங்க. நான் விழுந்திருவேன்னு பயந்து ஒட்டுனாரு'ன்னுச்சு. புது ஸ்க்ரூ போடயில, பழசு மாதிரியே இருக்கா, அவருக்குத் தெரிய வேணாம்னு கேட்டுச்சு. பழசுக்கு நான் எங்க போவேன்?"

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் எனக்காக இவர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கும்போது நான் எப்படிப் பொய்யோடு கிளம்புவது?

"நான்தான்," என்றேன். "அந்த மடையன் நான்தான்."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு கிளாஸ் கோப்பி கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"வேல கெடைக்கல," என்றேன்.

"ம்," என்றார்.

மழை விட்டதும் பாகான் டத்தோவுக்குப் போகவில்லை, திரும்பினேன். வழியெல்லாம் அந்த ஐந்து நாள்தான் நினைவில் ஓடியது. சுவரைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டது, அவள் ஊறுகாயை நகர்த்தி வைத்தது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடங்கியிருக்கும். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே ஓட்டினேன்.

வீட்டுக்குப் போகுமுன் ஈப்போவுக்குள் போய் அந்தக் கடையில் இறங்கினேன். நீலம் கேட்டேன். அதே பெண் எடுத்துக் கொடுத்தாள். இந்தப் போத்தலிலும் பாதிதான் இருந்தது. இந்தமுறை சத்தம் போடாமல் காசைக் கொடுத்தேன்.

வீட்டில் அவள் பின்பக்கம் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். வண்டியின் பெட்ரோலை வடித்துத் தூரமாக வைத்தேன். புளோ லேம்ப்பைப் பற்றவைத்து, ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மூடியின் முதல் ஸ்க்ரூத் தலையில் வைத்து அழுத்தினேன். பசை கருகும் வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு அவள் நெத்திலிச் சட்டியோடு எழுந்து வந்துவிட்டாள்.

"பாகான் டத்தோ போகலையா? என்னங்க பண்றீங்க?"

"செவப்ப எடுக்குறேன்."

அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

"அந்த பெங்கல்காரரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

"நான்தான்னு தெரியாமச் சொல்லிட்டாரு."

முதல் ஸ்க்ரூ கழன்றது. இரண்டாவதில் கம்பியை வைத்தேன். நான் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டேன், அங்கே போய்ச் சேர்ந்தபோது என்னதான் நடந்தது என்று. பன்னிரண்டு மணி ஆகிவிட்டதாம். இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துக் கோடு போட்டுவிட்டார்களாம். வண்டி நின்றுவிட்டது என்று சொன்னாளாம். குமாஸ்தா நல்ல மனிதர், உட்காருங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றாராம். மூன்று மணிக்கு மேல் வரை தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாளாம்.

அந்த வேலைக்கு அவள் மறுபடி எழுதிப் போடவே முடியவில்லை. வயது தாண்டிவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலையிலேயே பல வருடம் இருந்து மேற்பார்வையாளர் பதவி வரைக்கும் வந்தாள். நன்றாகத்தான் இருந்தோம். ஆனாலும் வெள்ளைச் சப்பாத்து போட்ட தாதி யாராவது சாலையில் வண்டியில் போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

"திட்டிருக்கலாம்ல?" என்றேன். "அஞ்சு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தேனே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"அப்பச் சொன்னா சண்டையில செயிக்கிறதுக்குச் சொன்ன மாதிரி ஆயிருங்க."

மூன்று ஸ்க்ரூவும் வந்துவிட்டன. ஆறவிட்டு, பழைய பசையைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். நீலப் போத்தலைத் திறந்தேன். மரையில் விழ வேண்டிய சொட்டு என் கட்டைவிரலில் விழுந்தது. இன்னொரு தடவை முயன்றேன். கை நடுங்கியது. என்னால் நிறுத்த முடியவில்லை.

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். நெத்திலி வாடையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க. இதுக்குத்தான் சொல்லல. நடுங்குற கையால முடுக்குன வண்டியிலதான நாளைக்கு நான் போகணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் குலுங்கி அழுதேன். கை அடங்கும்வரை அவள் விடவில்லை. பிறகு நான் இரண்டு ஸ்க்ரூக்களை முடுக்கினேன். மூன்றாவதை எடுக்கும்போது, "அதக் குடுங்க," என்றாள். ஒரு சொட்டு நீலம் விட்டு, விரலால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரால் அவளே முடுக்கினாள். சரியாக இருக்கிறதா என்று திரும்பக் கழற்றினாள், மறுபடி முடுக்கினாள்.

"அஞ்சு நிமிஷ வேலதான்," என்றாள். "உள்ள ஈரத்த எப்படித் தொடைக்கிறதுன்னு காட்டுங்க. இந்த ஸ்க்ரூ டிரைவரு இனிமே என் சீட்டுக்கு அடியிலயே இருக்கட்டும்."

அவள் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.